ஷட்டில் வண்டி ஓட்டுநர் வேலை: மணிக்கூலியைப் பார்ப்பதா, வண்டி நிற்கும் நேரத்தைப் பார்ப்பதா?

அக்கா மகன் போன வாரம் இரண்டு வேலைக் கடிதங்களோடு வந்து உட்கார்ந்தான். ஒன்று, விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் நடுவே விருந்தினரை ஏற்றி இறக்கும் ஷட்டில். இன்னொன்று, பெரிய கம்பெனி ஒன்றின் ஸ்டாஃப் ஷட்டில். முதலாவதில் மணிக்கு 100, இரண்டாவதில் 125. நாட்டுக்கு நாடு பணம் வேறு, கூலி வேறு என்பதால் கணக்கு புரிவதற்காக இந்த எண்களை வைத்துக்கொள்கிறேன். எந்த நாணயத்தைப் போட்டாலும் விகிதம் இதுதான்.

"இதுல யோசிக்க என்ன மாமா இருக்கு? நூத்தி இருபத்தஞ்சுக்குத்தானே போகணும்?" என்றான்.

ஹோட்டல் வண்டி ஆறு வருஷம், ஸ்டாஃப் வண்டி எட்டு வருஷம், நடுவில் இரண்டு வருஷம் சொந்த வேன், இப்போது மருத்துவமனை ஷட்டில் என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். அவனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "வண்டி ஓடுற நேரத்துக்கு மட்டும் காசா, நிக்கிற நேரத்துக்கும் காசா?" கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் அது எழுதியிருக்கவில்லை. பெரும்பாலான கடிதங்களில் எழுதியிருக்காது. ஆனால் ஷட்டில் ஓட்டுநர் கைக்கு எவ்வளவு வரும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

லாரிக்காரருக்குக் கிலோமீட்டர் கணக்கு, டாக்ஸிக்காரருக்கு மீட்டர் கணக்கு. ஷட்டிலோ ஒரே பாதையில் போய்ப் போய் வரும் வண்டி. பத்து நிமிஷம் ஓடும், பதினைந்து நிமிஷம் நிற்கும். காலையில் மூன்று மணி நேரம் விடாமல் ஓடும், பிறகு ஏழு மணி நேரம் அப்படியே கிடக்கும். அந்தக் கிடக்கும் நேரம் யாருடைய கணக்கில் போகிறது என்று பார்க்காமல் மணிக்கூலியை மட்டும் ஒப்பிடுவது, ஷோரூம் விலையை மட்டும் பார்த்து வண்டி வாங்குவது போலத்தான்.

இரண்டு நாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

நோட்டில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினோம்.

இடது பக்கம் ஸ்டாஃப் ஷட்டில். காலை 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். 5.30க்கு ஷெட். டயர் காற்று, ஆயில், லைட், பிரேக், கதவு எல்லாம் பார்த்து, டிரிப் ஷீட்டில் கிலோமீட்டர் எழுதி, 6 மணிக்கு முதல் ஸ்டாப். 9.30க்குக் கடைசி ஊழியர் இறங்குவார். மறுபடி வண்டி எடுப்பது மாலை 4.30க்கு. ராத்திரி 8 மணிக்குக் கடைசி டிரிப் முடியும். வண்டியை விட்டுவிட்டு வீடு வந்து சேர 8.45. சம்பளம் காலை மூன்றரை மணி நேரத்துக்கும் மாலை மூன்றரை மணி நேரத்துக்கும்தான். 7 மணி நேரம், 125 வீதம் 875.

வலது பக்கம் ஹோட்டல் ஷட்டில். 5.30க்குக் கிளம்பினால் 6 மணிக்கு ஷிஃப்ட். 2 மணிக்கு அடுத்தவர் கையில் சாவி. 2.30க்கு வீடு. 8 மணி நேரம், 100 வீதம் 800. டிப்ஸ் தனி. அதைக் குறைத்தே 150 என்று போட்டோம்.

875 ஒரு பக்கம், 950 ஒரு பக்கம். அப்போதே அவன் முகம் மாறியது. அடுத்து, வீட்டை விட்டுப் போனதிலிருந்து வீடு திரும்பும் வரை எத்தனை மணி நேரம் என்று வகுக்கச் சொன்னேன். ஸ்டாஃப் வண்டிக்குப் பதினைந்தே முக்கால் மணி நேரம். மணிக்கு 55 ரூபாயோ டாலரோ, எதுவாகவும் இருக்கட்டும், 55தான் வந்தது. ஹோட்டலுக்கு 9 மணி நேரம். டிப்ஸ் சேர்த்து மணிக்கு 105, டிப்ஸே இல்லாவிட்டாலும் 88. கடிதத்தில் 25 கூடுதலாக இருந்த வேலை, கணக்குப் போட்டதும் பாதிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

இதை வைத்து ஸ்டாஃப் ஷட்டிலே கூடாது என்று சொல்லிவிட முடியாது. அந்த நடுப்பகல் எங்கே கழிகிறது என்பதைப் பொறுத்தது. வண்டி நிறுத்தும் இடம் வீட்டுக்குப் பக்கமாக இருந்து, போகவர இரண்டு மணி நேரம் போனாலும் ஐந்து மணி நேரம் வீட்டில் இருக்க முடியும் என்றால், அந்த ஐந்தைக் கழித்துப் பார்க்கலாம். அப்போது மணிக்கு 81 வருகிறது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரலாம், ஒரு தூக்கம் போடலாம். நான் ஓட்டிய வண்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கம்பெனி வளாகத்தில் ஓட்டுநருக்கென்று அறை கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் நீள சீட்டில் காலை மடக்கிப் படுத்து, ஜன்னல் துணியை இழுத்துவிட்டு, வெயில் நகர நகர வண்டியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டே இருப்போம். எட்டு வருஷத்தில் அந்தத் தூக்கம் ஒருநாளும் தூக்கமாக இருந்ததில்லை. மாலை டிரிப்பில் கண் எரியும். பின்னால் முப்பது பேர் தூங்கிக்கொண்டு வருவார்கள். நான் தூங்கக் கூடாது.

இந்த இரண்டு துண்டு டூட்டி உலகம் முழுக்க இருக்கும் பிரச்சினை. அமெரிக்காவில் ஃபேஸ்புக் ஊழியர்களை அலுவலகத்துக்கு ஏற்றிச் சென்ற ஒப்பந்த நிறுவனத்தின் ஓட்டுநர்கள் 2014 நவம்பரில் டீம்ஸ்டர்ஸ் தொழிற்சங்கத்தில் சேர வாக்களித்ததற்கு இதுவே பெரிய காரணம். விடியற்காலையில் தொடங்கி இரவில் முடியும் நாள், நடுவில் சம்பளம் இல்லாத நீண்ட இடைவெளி, வீட்டுக்குப் போய்வர முடியாத தூரம். அடுத்த ஆண்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் சராசரிக் கூலி மணிக்கு 18 டாலரிலிருந்து 24.50 டாலராக உயர்ந்தது. வண்டியும் அதே, பாதையும் அதே, ஓட்டியவர்களும் அதே ஆட்கள். மாறியது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசியது மட்டும்தான். கலிஃபோர்னியாவில் இப்படிப் பிரித்த ஷிஃப்டுக்குத் தனித் தொகை தர வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆனால் அது குறைந்தபட்சக் கூலியை ஒட்டிய கணக்கு. சம்பளம் அதைவிட மேலே போகப் போக அந்தத் தொகை கரைந்துவிடும். இந்தியாவில் 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வேறு வழியில் போனது. ஒரு நாள் வேலையை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, தொடக்கத்திலிருந்து முடிவு வரை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதினார்கள். என் அக்கா மகனுக்கு வந்த பதினான்கரை மணி நேர டூட்டி அந்தச் சட்டத்தின் கண்ணுக்கே ஆகாத டூட்டி.

ஆகவே ஸ்டாஃப் ஷட்டிலில் சேருமுன் கேட்க வேண்டியவை மூன்று. நடுப்பகலுக்கு ஏதாவது உண்டா? அந்த நேரத்தில் வண்டி எங்கே நிற்கும்? காலை வண்டி பார்க்கும் அரை மணி நேரமும் ராத்திரி கழுவி விடும் நேரமும் டூட்டியில் சேருமா? மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. தினம் 45 நிமிஷம் என்றால் மாதம் 22 நாளுக்குப் பதினாறரை மணி நேரம். இரண்டு நாள் சம்பளத்துக்கு மேல்.

ஹோட்டல், பார்க்கிங், விமான நிலையம்

டிப்ஸைப் பற்றிப் பேசாமல் ஹோட்டல் ஷட்டிலைப் பற்றிப் பேச முடியாது. டிப்ஸ் வழக்கம் இல்லாத நாடுகளில் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

டிப்ஸ் ஓட்டும் திறமைக்கு வருவதில்லை. பெட்டி தூக்குவதற்கு வருகிறது. இது என் ஆறு வருஷ அனுபவம். வண்டி நின்றதும் இறங்கி, பின் கதவைத் திறந்து, கனமான பெட்டியை நாமே எடுத்து, கைப்பிடி அவர் பக்கம் இருக்கும்படி நடைபாதையில் நிறுத்தினால், பையில் கைவிடுவார். சீட்டிலிருந்து பட்டனை அழுத்திக் கதவைத் திறந்தால் "நன்றி"யோடு சரி. தனியாக வரும் வியாபாரப் பயணி கொடுப்பார். குடும்பம் கொடுக்கும். சுற்றுலாக் குழு என்றால் முப்பது பேருக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டி கொடுப்பார், அல்லது மாட்டார். விமானப் பணியாளர்களை மட்டும் ஏற்றும் டிரிப் என்றால் எதையும் எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு அது தினசரி அலுவலகப் பயணம். விடியற்காலை 4 மணி டிரிப்பில் நன்றாக வரும், மதியம் 12 மணிக்கு ஒன்றும் இருக்காது. அதனால் ஒரே ஹோட்டலில், ஒரே மணிக்கூலியில், காலை ஷிஃப்ட்காரருக்கும் மதிய ஷிஃப்ட்காரருக்கும் மாத முடிவில் கணிசமான வித்தியாசம் வரும். கையில் சில்லறை வைத்திருக்கும் பழக்கம் குறைந்துவிட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் ஒருவர் சொன்ன டிப்ஸ் தொகையை நம்பி இன்று வேலையில் சேரக் கூடாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். டிப்ஸைச் சம்பளத்தில் கழிக்கிறார்களா? அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் டிப்ஸ் வாங்கும் வேலைக்கு மணிக்கு 2.13 டாலர் மட்டும் கொடுத்து, மீதியை டிப்ஸ் ஈடுகட்டுவதாகக் காட்டலாம். டிப்ஸும் சேர்ந்து 7.25 டாலருக்குக் குறைந்தால்தான் முதலாளி போட்டுக் கொடுக்க வேண்டும். அந்த 2.13 என்பது 1991-இலிருந்து மாறவே இல்லை. 7.25 என்பதும் 2009-இலிருந்து அப்படியே நிற்கிறது. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஒரேகான், நெவாடா போன்ற சில மாநிலங்கள் இந்தக் கழிவை அனுமதிப்பதில்லை. மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஓட்டுபவருக்கு டிப்ஸ் முழுக்க லாபம். அந்தப் பக்கம் ஓட்டுபவருக்கு அது முதலாளியின் செலவைக் குறைக்கும் பணமாகக்கூட ஆகலாம். எந்த நாட்டில் இருந்தாலும் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டுவிட வேண்டும். டிப்ஸ் எனக்கா, எல்லாருக்கும் பொதுவா, சம்பளத்தில் சேர்த்தா?

டிப்ஸுக்கு இன்னொரு குறையும் உண்டு. வருங்கால வைப்புநிதியிலோ ஓய்வூதியக் கணக்கிலோ அது ஏறாது. வங்கியில் கடன் கேட்கும்போது காட்ட முடியாது. உடம்புக்கு முடியாமல் பத்து நாள் படுத்தால் சம்பளமாவது விடுப்பில் வரும், டிப்ஸ் வராது. எனவே ஒப்பிடும்போது டிப்ஸில் வரும் 150-ஐச் சம்பளத்தில் வரும் 150-க்குச் சமமாக வைக்காதீர்கள். நான் எப்போதும் மூன்றில் இரண்டு பங்காகத்தான் எடுத்துக்கொள்வேன்.

விமான நிலையம் பக்கத்தில் வேலை என்றால் ஊரின் சட்டத்தையும் பாருங்கள். அமெரிக்காவில் சியாட்டில்–டக்கோமா விமான நிலையத்தைச் சுற்றி இருக்கும் சின்ன ஊர் சீடாக். அங்கே 2013 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. ஹோட்டல், பார்க்கிங், வாடகைக் கார் போன்ற தொழில்களில் பெரிய நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி வேண்டுமா என்பது கேள்வி. 77 வாக்கு வித்தியாசத்தில் வேண்டும் என்று வந்தது. 2014 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி 9.32 டாலர். விமான நிலைய வளாகத்துக்குள் இது செல்லுமா என்ற வழக்கு 2015 வரை நடந்து, செல்லும் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊர் எல்லைக் கோட்டைத் தாண்டினால் மணிக்கூலியில் ஐந்து டாலருக்கு மேல் வித்தியாசம். ஒரே நெடுஞ்சாலையில், ஒரே மாதிரி வேனில், ஒரே டெர்மினல் வாசலில் நிற்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு 15, மற்றவருக்கு 10க்கும் குறைவாக இருக்க முடிந்தது. ஓட்டுநரின் அனுபவம் அந்த வித்தியாசத்துக்குக் காரணமே இல்லை.

மருத்துவமனை, பல்கலைக்கழகம்

இந்த வேலைகளுக்கு விளம்பரத்தில் பெரிய எண் வராது. மணிக்கூலி நடுத்தரமாகத்தான் இருக்கும். ஆனால் டூட்டி தொடங்குவதிலிருந்து முடிவது வரை முழு நேரத்துக்கும் சம்பளம் வரும் வாய்ப்பு இங்கே அதிகம். வண்டி நின்றாலும் நாம் டூட்டியில் இருப்பதாகவே கணக்கு. விடுப்பு, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவை நிறுவனத்தின் மற்ற ஊழியர்களுக்குப் போலவே கிடைக்கும், நிறுவனமே நேரடியாக வேலைக்கு எடுத்திருந்தால். இந்த "நேரடியாக" என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. வண்டியின் பக்கவாட்டில் மருத்துவமனைப் பெயர் பெரிதாக எழுதியிருக்கும், சட்டையிலும் அதே பெயர் இருக்கும், ஆனால் சம்பளச் சீட்டு ஏதோ ஒரு ஏஜென்சியிலிருந்து வரும். அப்படியென்றால் மேலே சொன்ன எதுவும் கிடைக்காமல் போகலாம். கடிதத்தில் யார் பெயரில் கையெழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மருத்துவமனை வண்டியில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. டயாலிசிஸுக்கு வருபவர்கள் பொதுவாக வாரம் மூன்று நாள் வருவார்கள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போல ஆகும். திங்கள், புதன், வெள்ளி ஒரு கூட்டம். செவ்வாய், வியாழன், சனி ஒரு கூட்டம். சீசன் என்றும் ஆஃப் சீசன் என்றும் அதில் எதுவும் இல்லை. ஹோட்டல் காலியாகக் கிடக்கும் மாதத்திலும் அந்த டிரிப் இருக்கும். வீல்சேர் ஏற்றும் லிஃப்டை இயக்கவும், நான்கு பக்கமும் பெல்ட் போட்டுச் சக்கரத்தைத் தரையோடு கட்டவும் பயிற்சி எடுத்திருந்தால் மணிக்கூலியில் ஒரு படி மேலே வைக்கிற இடங்கள் உண்டு. முதல் வாரம் அந்தப் பெல்ட்டை மாட்ட எனக்கு ஏழெட்டு நிமிஷம் ஆனது. சக்கரத்தில் இருக்கும் வயதான அம்மா பொறுமையாக "அவசரமில்ல தம்பி" என்பார். இப்போது இரண்டு நிமிஷம். கொக்கி விழும் சத்தத்திலேயே சரியாக விழுந்ததா என்று தெரிகிறது.

பல்கலைக்கழக ஷட்டிலில் ஒன்றே ஒன்று பார்த்தால் போதும். விடுமுறை மாதங்களில் சம்பளம் உண்டா? ஒன்பது மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டு மாதமாக நினைத்துக் கணக்குப் போட்டு ஏமாந்த நண்பர்கள் எனக்கு உண்டு.

சொந்த வண்டி

அக்கா மகனுக்கு யாரோ ஒரு நண்பன் இந்த ஆசையையும் ஊட்டியிருந்தான். "சம்பளத்துக்கு ஓட்டினா மணிக்கு நூறு, சொந்தமா ஓட்டினா ஒரு டிரிப்புக்கே முந்நூறு" என்று.

அந்த முந்நூறு வரும், உண்மைதான். அது வருமானம் இல்லை, வரவு. போகும்போது ஆள் இருப்பார்கள், திரும்பும்போது வண்டி காலி. காலி வண்டிக்கும் டீசல் அதே அளவுதான் வேண்டும். டியூ, இன்சூரன்ஸ், பெர்மிட், வரி, சர்வீஸ் எல்லாம் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்து நிற்கும். ஷட்டில் ஓட்டம் நின்று நின்று போகும் ஓட்டம் என்பதால் பிரேக் லைனிங்கும் கிளட்சும் நெடுஞ்சாலை வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்குச் சொந்த உபயோக இன்சூரன்ஸ் போட்டால், விபத்து நடந்தபின் கம்பெனி கை விரித்துவிடும். இதை நான் இரண்டு பேர் விஷயத்தில் பார்த்திருக்கிறேன்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வருஷம் நன்றாகப் போனது. மாதம் முடிந்து பில் போட்டால் 60 நாள் கழித்துப் பணம் வரும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டீசல் இன்று போட வேண்டும், பணம் இரண்டு மாதம் கழித்து வரும். அந்த இடைவெளிக்குக் கடன். இரண்டாம் வருஷம் கிளட்ச் போனது. உதிரிபாகம் வரவில்லை, பதினெட்டு நாள் வண்டி நின்றது. டிரிப் தவறினால் அபராதம் என்று இருந்ததால் வேறு ஒருவரின் வண்டியை வாடகைக்கு எடுத்து, அதற்கு ஆக்டிங் டிரைவரும் போட்டு ஓட்டினேன். அந்த மாதம் கையிலிருந்து போட்டதுதான் மிச்சம். வண்டியை விற்ற அன்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். தேய்மானத்தையும் சேர்த்தால், இரண்டு வருஷமும் ஹோட்டலில் சம்பளத்துக்கு ஓட்டியதைவிடக் குறைவாகவே சம்பாதித்திருந்தேன்.

சொந்த வண்டி கட்டுப்படியாகும் இடம் உண்டு. டீசல் விலை ஏறினால் கட்டணமும் ஏறும் என்ற விதி, டிரிப் இல்லாவிட்டாலும் மாதத்துக்கு இவ்வளவு என்ற குறைந்தபட்ச உத்தரவாதம், 30 நாளுக்குள் பணம். இந்த மூன்றும் எழுத்தில் இருந்தால் இறங்கலாம். கூடவே, வண்டி மூன்று வாரம் நின்றாலும் தாங்கும் அளவு பணம் தனியாக இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்பேன்.

லைசென்ஸ், சீட் எண்ணிக்கை, முதல் வருஷம்

சம்பளத்தைச் சீக்கிரம் உயர்த்துவது எது என்று கேட்டால், வருஷக்கணக்கான அனுபவத்தைவிடப் பெரிய வண்டி லைசென்ஸ் என்றுதான் சொல்வேன். அமெரிக்காவில் ஓட்டுநரையும் சேர்த்து 16 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றும் வண்டிக்கு வணிக ஓட்டுநர் உரிமமும் பயணிகளுக்கான தனித் தகுதியும் வேண்டும். 15 பேர் வண்டிக்குக் கூட்டாட்சி விதிப்படி அது தேவையில்லை. ஷட்டில் வேன்கள் பல அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த லைசென்ஸ் இல்லாத ஆளைக் குறைந்த கூலிக்கு எடுக்கலாம். ஐரோப்பாவில் டி1 வகை உரிமம் ஓட்டுநர் தவிர 16 பயணிகள் வரைக்கும், அதிகபட்சம் 8 மீட்டர் நீள வண்டிக்கும். அதற்கு மேல் டி. தொழிலாக ஓட்டுபவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 35 மணி நேரப் பயிற்சியும் முடிக்க வேண்டும். அந்த ஒரு சீட் வித்தியாசம் சம்பளச் சீட்டில் தெரியும். நிறுவனமே செலவு செய்து பெரிய லைசென்ஸ் எடுத்துத் தருகிறது என்றால், மணிக்கூலி கொஞ்சம் குறைவாக இருந்தாலும் அதை எடுங்கள். ஆனால் எத்தனை மாதம் வேலையை விட முடியாது, விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

விளம்பரங்களில் "மணிக்கு 130 வரை" என்று போடுவார்கள். அந்த "வரை"யில் கண் வையுங்கள். பெரிய நிறுவனங்களில் பாதைகளைச் சீனியாரிட்டிப்படி தேர்ந்தெடுக்கும் முறை உண்டு. பழைய ஆட்கள் நல்ல நேரத்தையும் நீண்ட டூட்டியையும் எடுத்துக்கொண்டபின் மிஞ்சுவதுதான் புதியவருக்கு. முதல் வருஷம் பெரும்பாலும் ஸ்பேர் டிரைவராகத்தான் இருப்போம். யாராவது லீவு போட்டால் போன் வரும். அப்போது மணிக்கூலியைவிட, வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேரம் உறுதி என்பதுதான் பெரிய கேள்வி. மணிக்கு 130 வீதம் 25 மணி நேரத்துக்கு 3250. மணிக்கு 100 வீதம் 40 மணி நேரத்துக்கு 4000.

ஓவர்டைம் பற்றிச் சுருக்கமாக: நம்பிக் கடன் வாங்காதீர்கள். 1961 சட்டத்தில் இந்தியாவில் இரட்டிப்பு என்று வைத்தார்கள். அமெரிக்காவில் பொதுவாக வாரம் 40 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு, ஆனால் மாநிலங்களுக்கிடையே ஓடும் போக்குவரத்து என்ற கணக்கில் வரும் ஓட்டுநர்கள் பலருக்கு அந்த உரிமை கிடையாது. எப்படியிருந்தாலும் உடம்புக்கு ஒரு அளவு இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1979-இல் கொண்டுவந்த சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, இடைவேளையில்லாமல் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேல் ஸ்டீயரிங் பிடிக்கக் கூடாது என்கிறது. அதைத் தாண்டிச் சம்பாதிக்கும் காசுக்கு ஆபத்தும் சேர்ந்தே வருகிறது. அது நம்மோடு நிற்காது, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அவன் என்ன முடிவெடுத்தான்

என்னைக் கேட்டால் மருத்துவமனை. அங்கே ஆள் எடுக்கப்போவதாகத் தெரியும், ஆனால் இன்னும் இரண்டு மாதம் ஆகும். அவனால் காத்திருக்க முடியாது. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இருக்கிறது.

அப்படிப்பட்டவனிடம் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்ற கணக்கை மட்டும் காட்டி ஹோட்டலுக்குப் போ என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சின்னக் குழந்தைகள் இருப்பவருக்கு நேரம் பெரிது. கடன் இருப்பவனுக்கு மாதக் கடைசியில் மொத்தமாக எவ்வளவு வருகிறது என்பது பெரிது. 875, 950 இரண்டுமே அவனுக்குப் போதவில்லை.

நோட்டை இன்னொரு முறை பார்த்தோம். 9.30 முதல் 4.30 வரை வண்டி கம்பெனி வளாகத்தில் சும்மா நிற்கிறது. அந்தக் கம்பெனிக்கு இரண்டு கட்டிடங்கள், நடுவே நடக்க முடியாத தூரம். மதியம் ஊழியர்கள் எப்படிப் போய்வருகிறார்கள் என்று கேட்டுவரச் சொன்னேன். வாடகை டாக்ஸியில் போகிறார்களாம்.

மறுநாள் அவனே போய் மேலாளரிடம் பேசினான். "சார், வண்டியும் நிக்குது, நானும் நிக்கிறேன். மதியம் 12லேர்ந்து 2 வரைக்கும் ரெண்டு கட்டிடத்துக்கும் நடுவுல நானே ஓட்டுறேன். அந்த ரெண்டு மணி நேரத்தையும் டூட்டியில சேத்துக் குடுங்க." கூடவே, காலை வண்டி பார்க்கும் அரை மணி நேரத்தையும் கேட்டிருக்கிறான். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. மதிய டிரிப்புக்குச் சரி. காலை அரை மணி நேரத்துக்குப் பதிலாகக் கால் மணி நேரம்.

ஒன்பதே கால் மணி நேரம், 125 வீதம், ஒரு நாளைக்கு 1156. வெளியே இருக்கும் பதினைந்தே முக்கால் மணி நேரத்தால் வகுத்தால் 73. ஹோட்டல் கணக்கை இது எட்டவில்லை, நாளும் ரொம்ப நீளம். அதை அவனிடம் மறைக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் கடன் அடையும், அதற்குள் பெரிய லைசென்ஸும் எடுத்துவிட வேண்டும், பிறகு மருத்துவமனைக்கு விண்ணப்பம் போடுவது என்று பேசியிருக்கிறோம். எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதி, முத்திரை வைத்து வாங்கிவிட்டான். திங்கட்கிழமை காலை 5.30க்கு ஷெட்டில் இருக்க வேண்டும். நடுப்பகலில் படுப்பதற்கு என் பழைய தலையணையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.